சுண்ணாம்புக்கு அடியில்: சஃபோக் சதுப்பு நிலத்தில் நான்கு நாள்

மே 17, வெள்ளி: ஹேல்ஸ்வொர்த், இரவு பிளைத்பரோ

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில், ஹேல்ஸ்வொர்த் ரயில் நிலையத்துக்கு வெளியே 1 மணி 10 நிமிடம் நின்றோம். வர வேண்டிய பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. இரண்டு பைகளையும் அடுக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நாயுடன் வந்த ஓர் அம்மாள் எங்களைக் கடந்து போனார், திரும்பி வரும்போதும் நாங்கள் அங்கேயே இருப்பதைப் பார்த்து நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும், வீட்டிலிருந்து காரை எடுத்துவந்து தங்கும் விடுதி வாசலிலேயே இறக்கிவிட்டார். பணம் நீட்டியதற்கு முகம் சிவந்து கையை வீசி மறுத்தார். பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

இந்தப் பயணம் அக்காவின் ஆசை. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவர்கள் நாங்கள். மிஷனரிமார் கொண்டுவந்த ஆங்கிலிக்கன் ஜெபமுறையைத்தான் சிறுவயது முதல் தமிழில் சொல்லிவந்திருக்கிறோம். “அது பிறந்த நாட்டில் ஒரு கிராமத்துக் கோவிலையாவது பார்க்க வேண்டும் தம்பி. பெரிய கத்தீட்ரல் வேண்டாம்” என்றாள். எங்கள் ஊரில் தேவாலயத்தைக் கோவில் என்றே சொல்வோம். இந்தக் குறிப்புகளிலும் அப்படியே எழுதுகிறேன்.

விடுதியில் அறை வாடகை ஓர் இரவுக்கு 95 பவுண்டு. சன்னல் மட்டும் அதற்குத் தகுந்தது. இருட்டிய பிறகு திரையை விலக்கினால், சதுப்பு நிலத்துக்கு அப்பால் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கோவில், தரையைத் தொடாததுபோல் நின்றது. சுற்றிலும் ஊர் என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. நீரும் நாணலும்தான். அக்கா எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 18, சனி: பிளைத்பரோ

காலையில் மேகமூட்டம், கடற்காற்று, ஸ்வெட்டர் இல்லாமல் நடக்க முடியாத குளிர். மே மாதம் என்று நம்பி வந்தது தவறு.

கோவில் முகப்பு மண்டபத்தில் அரை மணி நேரம் வீணானது. கதவைத் தள்ளினோம், திறக்கவில்லை. பூட்டியிருக்கிறது என்று எண்ணிக் கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். பூச்செடிகளோடு வந்த முதியவர் ஒருவர் இரும்பு வளையத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே கொக்கி தூக்கும் சத்தம் கேட்டது. “எப்போதும் திறந்தேதான் இருக்கும். வளையத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்” என்றார். பிறகு எங்களைத் தனியே விட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது வெளிச்சம். பரிசுத்த திரித்துவ ஆலயம், 15ஆம் நூற்றாண்டில் கட்டியது. 127 அடி நீளம், 54 அடி அகலம். நடுக்கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் இடையே வளைவுச் சுவர் எதுவும் இல்லாததால் கண் ஒரே ஓட்டமாகக் கிழக்குச் சுவர்வரை போகிறது. தூண்களுக்கு மேலே, பக்கத்துக்கு 18 சன்னல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பழைய வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டது. தெளிந்த கண்ணாடி வழியாக மேகமூட்டத்தின் ஒளிகூடத் தாராளமாக இறங்குகிறது. தரையில் தேய்ந்த செங்கல். சுவர்கள் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த வீட்டுக்குள் நுழைந்ததுபோன்ற ஒரு பழக்கமான உணர்வு எனக்கு.

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய கோவில்? பிளைத் ஆறு அன்று கப்பல் வரும் ஆறு. மீனும் கம்பளியும் இந்த ஊருக்குப் பணம் கொடுத்தன. பிறகு ஆறு மண் மூடியது, கப்பல்களோ பெரிதாகிக்கொண்டே போயின. வணிகம் நகர்ந்துவிட்டது. பணம் இருந்தபோது கட்டியதை, பணம் போன பிறகு நானூறு ஆண்டுகள் காப்பாற்ற வேண்டிய நிலை இந்த ஊருக்கு.

கூரையைப் பார்ப்பதற்காக அக்கா பெஞ்சில் படுத்தே விட்டாள். எனக்குக் கொஞ்சம் சங்கடம். ஆனால் யாரும் இல்லை, கழுத்து வலிக்காமல் பார்க்க வேறு வழியும் இல்லை. மரக்கூரையின் நடு உத்தரத்தில் தேவதூதர்கள் இரண்டிரண்டாக, முதுகோடு முதுகு சேர்ந்து இருக்கிறார்கள். ஒருவர் கிழக்கே பார்க்கிறார், மற்றவர் மேற்கே. விரித்த இறக்கைகள். விட்டங்களில் பூக்களும் இயேசுவின் பெயரெழுத்துகளும் மங்கிய சிவப்பிலும் பச்சையிலும் இன்னும் இருக்கின்றன. அந்த வண்ணத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இந்தத் தேவதூதர்கள் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். 1644 ஏப்ரலில், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்தில், வில்லியம் டவ்சிங் என்ற தூய்மைவாதி (பியூரிட்டன்) இங்கே வந்தார். கோவில்களிலுள்ள உருவங்களை அழிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. போன இடமெல்லாம் என்ன உடைத்தேன் என்று நாட்குறிப்பு எழுதிவைத்தவர். இங்கே 20 கேருபீன்களை, அதாவது தேவதூதர்களை, இறக்கச் சொன்னதாகவும், 200க்கு மேற்பட்ட படங்களை 8 நாளுக்குள் அகற்றக் கட்டளையிட்டதாகவும் எழுதியிருக்கிறார். தேவதூதர்களின் மரத்தில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருப்பதைக் கண்ட பிற்காலத்தார், டவ்சிங்கின் ஆட்கள் சுட்டது என்றே சொல்லிவந்தார்கள். 1970களில் கூரையைப் பழுதுபார்த்தபோது குண்டுகளை ஆராய்ந்தார்கள். அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோவிலுக்குள் கூடு கட்டிய ஜாக்டா என்னும் சிறு காக்கைகளை விரட்ட வெடிமருந்தும் குண்டும் வாங்கியதற்கு அந்தக் காலக் கோவில் கணக்கில் செலவு எழுதியிருக்கிறது. ஆக, தேவதூதர்மேல் பாய்ந்தது காக்கைக்குக் குறிவைத்த குண்டு. அந்தப் பாவத்தை இத்தனை காலம் டவ்சிங் சுமந்திருக்கிறார். அவர் செய்த பாவங்களே அவருக்குப் போதும்.

கட்டளை இட்டாரே, பிறகு ஏன் இறக்கவில்லை? இவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட ஆளும் காசும் வேண்டும். ஊரார் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன. கட்டைவிரல் அகலத்தில், மேலிருந்து கீழே நீண்டவை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு ஆராதனை நேரத்தில் பெரும் இடி. கோபுரத்தின் மேலிருந்த கூம்பு இடிந்து நடுக்கூடத்துக்குள் விழுந்தது. ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். ஒரு கறுப்பு நாய் உள்ளே பாய்ந்தது, போகிற போக்கில் கதவில் நகம் பதித்தது என்பது நாட்டார் கதை. அக்கா விரலை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தாள். எனக்கு நாயைவிட அந்தச் சிறுவன்தான் மனத்தில் நின்றான்.

பெஞ்சுகளின் முனைகளை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தோம். பெரும் பாவங்களைச் சின்னச் சின்ன மனிதர்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறது, இறங்க மனமில்லை. பெருந்தீனி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாகக் கைகள் தடவித் தடவி முகங்கள் மழுங்கிவிட்டன. ஆனால் அந்த வயிறு மட்டும் பளபளக்கிறது, எண்ணெய் தேய்த்ததுபோல. எழுந்து உட்காரும்போதெல்லாம் சபையார் பிடித்துக்கொண்டது அதைத்தான் போலிருக்கிறது. அருகிலேயே பாடகர் இருக்கைகளின் மேசைப் பலகையில் ஒரு பள்ளிப் பிள்ளை தன் பெயரையும் 1665 என்ற ஆண்டையும் கத்தியால் கீறியிருக்கிறான். ஒரு காலத்தில் இங்கே பள்ளிக்கூடமும் நடந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோவில் மிக மோசமான நிலைக்குப் போனது. மழைநாளில் சபையார் குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்தார்கள் என்கிறார்கள். 1881இல் ஆபத்து என்று பேராயர் பூட்டச் சொல்லிவிட்டார். பணமுள்ள ஊர்களில் அந்தக் காலத்துச் சீரமைப்பாளர்கள் பழைய பூச்சைச் சுரண்டி, பழைய பெஞ்சுகளைத் தூக்கியெறிந்து, எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டார்கள். இங்கே பணம் சேர்வதற்கே ஆண்டுக்கணக்கானது. வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், தாங்குவதற்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள் என்று சண்டை போட்டது. இல்லாமையும் அந்தச் சண்டையும் சேர்ந்து காப்பாற்றியதைத்தான் இன்று அக்கா படுத்துக்கொண்டு பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு ஆஸ்பாரகஸ் கட்டுகள் வைத்திருந்தார்கள். விற்க ஆள் இல்லை. கட்டு 3 பவுண்டு என்று அட்டை, பக்கத்தில் உண்டியல்போல ஒரு தகரப் பெட்டி. சில்லறை இல்லாமல் 5 பவுண்டுத் தாளைப் போட்டோம். விடுதிக்காரம்மாள் இரவு அதை வேகவைத்து வெண்ணெய் உருக்கி ஊற்றித் தந்தார். வேறு எதுவும் சேர்க்காமலே இனித்தது.

மே 19, ஞாயிறு: வால்பர்ஸ்விக், டன்னிச்

இன்று பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவி இறங்கிய நாளின் பண்டிகை. வால்பர்ஸ்விக்கின் புனித அந்திரேயா கோவிலுக்குப் போனோம். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கோவில். அருகே போனால் பாதிக்குக் கூரை இல்லை. வானத்துக்குத் திறந்த சன்னல் வளைவுகளுக்குள் புல் வளர்ந்திருக்கிறது. தென்புறத்து ஒடுக்கமான பகுதி மட்டும் கூரையோடு இருக்கிறது. அதற்குள்தான் ஆராதனை.

துறைமுகம் நொடித்த பிறகு, அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்க ஊரால் முடியவில்லை. 1695இல் அனுமதி வாங்கி, பெரும்பகுதியைத் தாங்களே பிரித்தார்கள். அதில் கிடைத்ததைக் கொண்டு தென்புறத்தில் ஒரு சின்னக் கோவிலை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். தாத்தா கட்டிய பெரிய வீட்டைப் பேரன் பிரித்து, ஓர் அறையை மட்டும் வைத்துக்கொள்வதுபோல. அதைச் செய்த கைகள் எவ்வளவு தயங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சபையார் இருபது பேருக்கும் குறைவு. குருவானவர் சிவப்பு அங்கி அணிந்திருந்தார். கர்த்தருடைய ஜெபம் வந்தபோது அக்கா தன்னையறியாமல் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தமிழில் சொல்லத் தொடங்கிவிட்டாள். நானும் சேர்ந்துகொண்டேன். முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்தார், முகத்தில் கோபம் இல்லை. எங்கள் வேகம் கொஞ்சம் அதிகம். அவர்களுக்கு முன்பே ஆமென் சொல்லிவிட்டோம். ஆராதனை முடிந்ததும் அந்தப் பாட்டி வந்து, அது எந்த மொழி, அதே ஜெபம்தானே என்று கேட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தேநீரும் எலுமிச்சைக் கேக்கும் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை.

கோபுரம் முழுதாக நிற்கிறது. இதைக் கட்ட 1426இல் எழுதிய ஒப்பந்தம் இன்றும் பாதுகாப்பில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர்கள் இரண்டு கொத்தனார்கள்: டன்னிச் ஊர் ரிச்சர்ட் ரஸ்ஸல், பிளைத்பரோ ஊர் ஆடம் பவுல். கோபுரம் டன்ஸ்டல் ஊர்க் கோபுரம் மாதிரி இருக்க வேண்டும், மேற்கு வாசலும் சன்னலும் ஹேல்ஸ்வொர்த் மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வரைபடம் தேவைப்படவில்லை. ‘அந்த ஊரில் இருக்கிறதே, அதுபோல’ என்றால் போதும். கூலி, கஜத்துக்கு 40 ஷில்லிங். அதோடு ஆண்டுக்கு ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன், வேலைக்காலத்தில் ஆளுக்கு ஓர் அங்கி. நம் ஊரில் கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பதை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவரை அருகே நின்று பார்க்க வேண்டும். இந்தக் கரையில் கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது தீக்கல்தான், சிக்கிமுக்கிக் கல். முட்டையளவு, தேங்காயளவு, வெளியே வெண்மை, உடைத்தால் உள்ளே கருங்கண்ணாடி. அதைத் தட்டையாக உடைத்து, வேறு ஊரிலிருந்து வந்த வெளிர்க்கல்லைச் சட்டமாக வெட்டி, அதற்குள் கறுப்பு முகம் வெளியே தெரியும்படி பதித்திருக்கிறார்கள். ஒரு கல்லில் சுத்தியல் பட்ட இடத்திலிருந்து அலை அலையாக விரிந்த வட்டம் தெரிகிறது. ரஸ்ஸலோ பவுலோ அவர்களின் ஆளோ, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அடித்த ஒரே ஓர் அடி அது. மழை நனைத்திருந்ததால் அந்தக் கல்லில் என் தலையின் நிழல் தெரிந்தது.

அக்கா விடுதிக்குத் திரும்பிவிட்டாள். நான் மட்டும் நாணல் வழியே டன்னிச்சுக்கு நடந்தேன். ஒரு மணி நேரம் என்று எண்ணிப் போனது இரண்டரை மணி நேரமானது. பாதி வழி கூழாங்கல், கால் புதைகிறது. நாணலுக்குள்ளிருந்து காலிப் பானைக்குள் ஊதியதுபோல் ஒரு முழக்கம் வந்துகொண்டே இருந்தது. பிட்டர்ன் என்ற பறவை அது. கடைசிவரை கண்ணில் படவில்லை.

டன்னிச் ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகரம். 13, 14ஆம் நூற்றாண்டுப் புயல்கள் துறைமுகத்தை அடைத்தன, அதன் பிறகு கடல் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அப்படியும் 1832வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியாக மிஞ்சிய சகல பரிசுத்தவான்கள் கோவில் 1904 முதல் 1919வரை துண்டு துண்டாகக் குன்றிலிருந்து கடலில் விழுந்தது. ஒரே ஒரு முட்டுச் சுவரை மட்டும் பெயர்த்து, ஊருக்குள்ளிருக்கும் புனித யாக்கோபு கோவில் வளாகத்தில் நட்டிருக்கிறார்கள். எதையும் தாங்காமல் புல்வெளியில் தனியே நிற்கிறது. கடற்கரையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் 14 பவுண்டு. சூடாக, மொறுமொறுவென்று இருந்தது. விடுதிக்கு டாக்ஸிதான், 22 பவுண்டு. குதிகாலில் இரண்டு கொப்புளங்கள்.

மே 20, திங்கள்: வென்ஹாஸ்டன்

காலையிலிருந்தே மழை. ரயில் மூன்றரை மணிக்கு. வழியில் வென்ஹாஸ்டனில் இறங்கிவிட்டுப் போகலாம் என்று சொன்னது அக்கா. பார்க்க வேண்டியது ஒரு பலகைச் சித்திரம்.

புனித பேதுரு கோவில் சிறியது. இந்த முறை வளையத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டிருந்தோம். வடக்குச் சுவரில் அது மாட்டியிருக்கிறது. ஓக் பலகைகளில் தீட்டிய நியாயத்தீர்ப்பு நாள், 17 அடிக்கு மேல் அகலம், காலம் ஏறக்குறைய 1500க்கும் 1520க்கும் இடையில். முன்பு பலிபீடப் பகுதிக்கு முன்னே, எல்லார் தலைக்கும் மேலே இருந்தது. எழுத்துத் தெரியாத சபையார் ஞாயிறுதோறும் பார்த்தது இதைத்தான்.

வானவில்லின்மேல் கிறிஸ்து. இடப்பக்கம் பேதுரு வரவேற்கும் நால்வர்: ஓர் அரசர், ஓர் அரசி, ஓர் ஆயர், ஒரு கார்டினல். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை, தலையில் மட்டும் கிரீடமும் தொப்பியும். அவர்கள் யார் என்று தெரிய வேறு வழியில்லை. நடுவில் மிகாவேல் தராசு பிடிக்கிறார், எதிரே சாத்தான் பட்டியலோடு வாதாடுகிறான். வலக்கோடியில் பெரிய மீன்வாயாக நரகம். ஒரு மீனவக் கரையோரத்தில் நரகத்தை வேறு எப்படி வரைந்திருப்பார்கள்? வண்ணம் அழகு என்று சொல்ல மாட்டேன். கை தேர்ந்த ஓவியர் வரைந்ததல்ல. ஆனால் பயமும் நம்பிக்கையும் உண்மையானவை.

சித்திரத்தின் நடுவே வெறும் மரமாக ஒரு சிலுவை வடிவம், இருபுறமும் இரண்டு மனித வடிவங்கள். அங்கே வண்ணமே இல்லை. சிலுவையிலறைந்த கிறிஸ்து, மரியாள், யோவான் ஆகியோரின் மரச்சிற்பங்கள் பலகையில் பொருத்தியிருந்த இடம் அது. 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் சிற்பங்களைப் பிடுங்கி அழித்தார்கள். சித்திரத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அதன்மேல் வேத வசனம் எழுதினார்கள். ரோமர் 13ஆம் அதிகாரம், கீழே இன்னும் வாசிக்கலாம். அக்காவுக்கு வசனம் மனப்பாடம்: “எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்.” நிர்வாணமாக நிற்கும் அரசருக்கு நேர் கீழே இந்த வசனம்.

சுமார் 350 ஆண்டுகள் அந்தப் பலகைகள் வெறும் வெள்ளைப் பலகைகள். 1892இல் கோவிலைப் புதுப்பித்தபோது, பழைய மரம் என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். அன்றிரவு மழை பெய்தது. காலையில் வந்து பார்த்தவர்களை, கரைந்த சுண்ணாம்புக்குள்ளிருந்து முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் இதை முன்பே படித்திருந்தேன். அக்காவுக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் அவள் சித்திரத்தைப் பார்க்கவில்லை, சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே நல்ல மழை. “அழிக்க அடித்த சுண்ணாம்புதானே தம்பி இதை இத்தனை நாள் மூடி வைத்திருந்தது” என்றாள். வெயிலும் புகையும் பிற்காலத்துச் சீரமைப்பாளர்களும் அணுகாமல் காத்தது அந்தச் சுண்ணாம்புதான். மூடாமல் விட்டிருந்தால் சிற்பங்கள் போன வழியில் இதுவும் போயிருக்கும்.

வாசலருகே மேசையில் சித்திரத்தின் அஞ்சலட்டைகள், ஒன்று 50 பென்ஸ், பக்கத்தில் மறுபடியும் ஒரு பெட்டி. அக்கா மூன்று எடுத்து, 2 பவுண்டு போட்டாள். டாக்ஸிக்காரர் மழையில் தாமதமாகும் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை ஆஸ்பாரகஸ் வாங்கிய பிளாஸ்டிக் பை அவள் கைப்பையில் இருந்தது. அதை உதறி, அஞ்சலட்டைகள் நனையாதபடி இரண்டு சுற்றாகச் சுற்றி, உள்ளே வைத்துக்கொண்டாள்.